உத்தியோகம் போன பிறகு

கல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பாலிகஞ்ச் வட்டாரத்தைப் பற்றிக் கேள்விப்படாத வடநாட்டுத் தமிழ்க் குடும்பம் அரிது. கரியாஹாட்டிலிருந்து ராஷ் பிஹாரி அவென்யூ வழியாக லேக் மார்க்கெட்டு வரையில் நடந்து சென்றால், காப்பிக்கொட்டை வறுபடும் மணமும், வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடைகளும், மாலை நேரத்தில் ஏதேனும் ஒரு மாடியிலிருந்து கேட்கும் வர்ணமும் நம்மை ஒரு கணம் மயிலாப்பூருக்கோ கும்பகோணத்துக்கோ கொண்டுபோய்விடும். இங்கே நம்மவரைக் குடியேற்றியது நிலமன்று, பெரு வாணிபமுமன்று. பேரேடும் பேனாவும், சுருக்கெழுத்தும் தட்டச்சுப் பொறியுமே நம்மை இவ்வூருக்கு அழைத்து வந்தன. ஊரை விட்டு வந்ததே உத்தியோகத்துக்காக. அந்த உத்தியோகமே போய்விட்டால் குடும்பம் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது? வெள்ளைச் சட்டை அணிந்து மேஜையருகில் அமர்ந்து வேலை பார்த்தவர், குறைந்த சம்பளத்துக்கும் குறைந்த வசதிக்கும் தம்மைப் பழக்கிக்கொள்வது எவ்வாறு? இவ்வினாவைப் பற்றியே இப்பேச்சில் சிறிது சிந்திப்போம்.

முதலில் இந்த உத்தியோகங்கள் எவ்வாறு வந்தன என்பதைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசாங்கக் கணக்கு அலுவலகங்களும் ரயில்வேக்களும் ஆங்கிலேய வர்த்தக நிறுவனங்களும் கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான எழுத்தர்களை வேலைக்கு அமர்த்தின. ஆங்கிலமும் கணக்கும் கற்றிருந்த தென்னிந்திய இளைஞர்களுக்கு அங்கே நல்ல மதிப்பு இருந்தது. 1912-இல் ஏற்பட்ட கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டு, 1920-களில் நகரின் தென்பகுதியில் ஏரி வெட்டி, மேட்டு நிலம் ஆக்கி, அகன்ற சாலைகள் அமைத்தது. புதிய வீடுகள் எழுந்தன, வாடகைக்குக் கிடைத்தன, நம்மவர் குடிபுகுந்தனர். காலையில் டிராமில் ஏறி டல்ஹௌசி சதுக்கத்துக்கும் கிளைவ் தெருவுக்கும் செல்வதும், மாலையில் திரும்பிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு சேர்வதும் இரண்டு தலைமுறைகளின் அன்றாட வழக்கமாயின.

கிளைவ் தெரு நிறுவனங்களில் பல, மானேஜிங் ஏஜென்ஸி என்னும் முறையில் நடந்தவை. ஒரே நிறுவனம் பல சணல் ஆலைகளையும், தேயிலைத் தோட்டங்களையும், நிலக்கரிச் சுரங்கங்களையும் நிர்வகிக்கும். ஆலை ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும்; தோட்டம் அஸ்ஸாமில் இருக்கும்; ஆனால் அவற்றின் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் கல்கத்தாவிலுள்ள ஓர் அலுவலகத்தில் நடக்கும். ஆகவே எழுத்தர்களுக்கு வேலை குறையவில்லை.

அந்த ஏற்பாடு ஒரே நாளில் குலைந்துவிடவில்லை. 1947-இல் நாடு பிரிந்தபோது, ஆலைகள் ஹூக்ளிக் கரையில் நின்றன. சணல் விளையும் மாவட்டங்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1966 ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் ரயில்வேயின் கொள்முதல் சுருங்கி, பொறியியல் தொழிற்சாலைகள் வேலையின்றித் தவித்தன. தொழில் தகராறுகளும் கதவடைப்புகளும் பெருகின. 1970 ஏப்ரல் மாதத்தோடு மானேஜிங் ஏஜென்ஸி முறையே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பின்னர்ப் பல தலைமை அலுவலகங்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தன. அவற்றோடு சென்றவர் சிலர். செல்ல இயலாமல் நின்றவர் பலர்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட இயலாது. 2000–2001-இல் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினர். 2020 ஜனவரி 31-ஆம் நாள் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து மட்டும் 78,000-க்கும் மேற்பட்டோர் அதே வழியில் விடைபெற்றனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தபோது, தனியார் அலுவலகங்களில் எத்தனையோ மேஜைகள் காலியாயின. 2025 ஜூலையில் டாட்டா கன்ஸல்டன்ஸி நிறுவனம் தன் ஊழியரில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. தாத்தாவின் தட்டச்சுப் பொறிக்கு நேர்ந்தது பேரனின் கணினிக்கும் நேரக்கூடும் என்பதை இப்போது யாவரும் அறிந்துள்ளோம்.

இத்தனை ஆண்டுக் கணக்கை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலையிழந்த மனிதர் முதலில் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ‘மேலதிகாரியிடம் பணிந்து போயிருக்கலாமோ, அந்தப் பரீட்சையை எழுதியிருக்கலாமோ’ என்று இரவெல்லாம் விசாரணை நடத்துகிறார். ஒரு தெருவின் தொழிலே இடம்பெயரும்போது, அத்தெருவில் கணக்கெழுதிய தனிமனிதர் அதற்கு எவ்வாறு பொறுப்பாவார்? மழை பெய்து வீடு ஒழுகினால் கூரையைச் செப்பனிட வேண்டும். மழைக்குத் தாமே காரணம் என்று மூலையில் அமர்ந்து வருந்துவதால் பயனில்லை.

உத்தியோகத்தோடு சம்பளம் மட்டுமா போகிறது? ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர் உண்டு. ஊர் முழுமைக்கும் பிழைப்பளித்த நெசவாலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. மரி யஹோடா என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும் அவ்வூரில் தங்கி ஆராய்ந்து, 1933-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஓய்வு மிகுந்துவிட்டதால் மக்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்ததோ வேறு. நூலகக் கட்டணத்தை நீக்கிய பிறகும் புத்தகம் எடுப்போர் குறைந்தனர். ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தனர். ஏனெனில் வீட்டு வேலை அவர்களை விடவில்லை. உத்தியோகம் ஊதியத்தோடு வேறு ஐந்தையும் தருகிறது என்று யஹோடா அம்மையார் பிற்காலத்தில் வகுத்துரைத்தார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒரு நோக்கத்துக்கு உழைத்தல், சமூகத்தில் ஓரிடம், கைக்கும் மனத்துக்கும் இடையறாத வேலை என்பனவே அவை. சம்பளத்தைச் சேமிப்பிலிருந்து சில காலம் ஈடு செய்யலாம். இந்த ஐந்தையும் எந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பது?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவற்றோடு ஆறாவதாக ஒன்றும் போகிறது. ‘கல்கத்தாவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான்’ என்று சொந்த ஊரில் வழங்கும் பெயரே அது. 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உறவினர் நம் வீட்டையும் அறியார், நம் அலுவலகத்தையும் அறியார். அந்தப் பெயரை மட்டுமே அறிவர். ஆகவே அதைக் காப்பாற்றும் ஆசை எழுகிறது. ஊரில் நடக்கும் கலியாணத்துக்கு வழக்கம்போல் மொய் எழுத வேண்டும். வழக்கம்போல் எல்லோருக்கும் புடவை எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டிலே பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமாயின் ‘தகப்பனார் உத்தியோகம்’ என்ற இடத்தில் பழைய பதவியையே எழுத வேண்டும். வேலை போன செய்தியை ஓராண்டு வரையில் மனைவிக்கும் சொல்லாமல், காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, ஏரிக்கரைப் பலகையில் அமர்ந்து பொழுது போக்கும் மனிதரைப் பற்றிய பேச்சு பெருநகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

இந்த மறைப்புக்கு விலை எவ்வளவு என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். கணக்கு கற்பனையே, ஆயினும் அதன் போக்கு உண்மை. ஒருவர் வேலையிழக்கும்போது கையில் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. மாதச் செலவு 40,000 ரூபாய். வருவாயும் இல்லை, செலவும் குறையவில்லை என்றால் அப்பணம் 15 மாதங்களில் தீரும். அவரே முதல் மாதத்தில் வீட்டாரோடு கலந்து செலவை 25,000 ரூபாயாக இறக்கி, 15,000 ரூபாய் தரும் ஒரு சிறு வேலையையும் ஏற்றாரானால், சேமிப்பிலிருந்து மாதம் 10,000 ரூபாயே எடுக்க நேரும். அதே 6 லட்சம் 60 மாதங்கள், அதாவது ஐந்து ஆண்டுகள் தாங்கும். ஓராண்டு வரையில் மறைத்துவிட்டுப் பிறகு இதே ஏற்பாட்டுக்கு வந்தால்? முதல் 12 மாதங்களில் 4 லட்சத்து 80 ஆயிரம் கரைந்துவிடும். எஞ்சிய 1 லட்சத்து 20 ஆயிரம் மேலும் 12 மாதங்களுக்கே வரும். ஐந்தாண்டுக் காலம் இரண்டாண்டாகச் சுருங்கிவிடுகிறது. பழைய பெருமையை ஓராண்டு காப்பாற்றியதற்கு மூன்றாண்டு அமைதியை விலையாகக் கொடுத்தோம் என்றாகிறது.

செலவு ஏறுவது எளிது, இறங்குவது கடினம் என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டூஸன்பெர்ரி 1949-இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். மனிதர் இன்றைய வருவாயைப் பார்த்துச் செலவிடுவதில்லை. முன்பு எய்திய உச்ச வருவாயின் பழக்கத்தையும், அண்டை வீட்டாரின் வாழ்க்கையையும் பார்த்தே செலவிடுகின்றனர் என்பது அவர் கண்டது. நம் வள்ளுவர் வரவு செலவைப் பற்றிய அறிவுரையை இல்வாழ்க்கை அதிகாரத்தில் வைக்காமல், அரசன் தன் வலிமையை அளந்தறியும் வலியறிதல் அதிகாரத்தில் வைத்துள்ளார். தன் கைப்பொருளின் அளவை அறிவது வீரத்தோடு சேர்ந்த காரியம் என்பது அதனால் விளங்கும்.

ஆகவே முதல் வேலை, வீட்டாரிடம் சொல்வது. மனைவியிடம் மட்டுமன்று, பத்து வயது நிரம்பிய குழந்தைகளிடமும், வீட்டிலிருக்கும் பெரியவர்களிடமும் சொல்ல வேண்டும். குழந்தைகள் அஞ்சுவார்கள் என்று கருதுகிறோம். உண்மையில், பெற்றோர் தணிந்த குரலில் பேசிக் கதவைச் சாத்துவதைக் கண்டே அவர்கள் அதிகம் அஞ்சுகின்றனர். என்ன போயிற்று, என்ன மிஞ்சியிருக்கிறது, இனி எவையெவை மாறும், எவையெவை மாறா என்று தாளில் எழுதி வைத்துப் பேசினால் அச்சம் அளவோடு நிற்கும்.

சத்யஜித் ராய் 1963-இல் எடுத்த ‘மகாநகர்’ என்னும் திரைப்படத்தை நேயர்களிற் பலர் பார்த்திருப்பர். நரேந்திரநாத் மித்ராவின் கதையைத் தழுவியது அது. வங்கி எழுத்தர் ஒருவரின் சம்பளம் போதாமையால், அவர் மனைவி வீடு வீடாகச் சென்று பின்னல் இயந்திரம் விற்கும் வேலையை ஏற்கிறாள். ஓய்வு பெற்ற ஆசிரியரான மாமனார் அதை அவமானமாகக் கருதி மகனோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார். ஆனால் தம் பழைய மாணாக்கர்களிடம் சென்று உதவி கேட்கத் தயங்கவில்லை. கணவருக்கும் மனம் பொறுக்காமல், வேலையை விட்டுவிடச் சொல்கிறார். அந்நிலையில் அவர் வேலை பார்க்கும் வங்கியே முறிந்துவிடுகிறது. வேண்டாம் என்று சொன்ன அந்த வேலையே வீட்டைத் தாங்க வேண்டியதாகிறது. இது வெறுங்கதையன்று. 1940-களின் இறுதியில் வங்காளத்தில் வங்கிகள் பல முறிந்தன. தத்தளித்த நான்கு வங்கிகளை 1950-இல் இணைத்தே யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா உருவாக்கப்பட்டது. நம் பாலிகஞ்ச் வீடுகளிலும் பாட்டு சொல்லிக்கொடுத்த கையும், அப்பளம் இட்ட கையும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கையும் பெரும்பாலும் பெண்களுடையவையே. அவ்வருவாயை ‘கைச்செலவுக்கு’ என்று சிறுமைப்படுத்தாமல், குடும்ப வருவாய் என்று சொல்லப் பழக வேண்டும்.

அடுத்தது, குறைந்த சம்பள வேலையை ஏற்பது. இங்கே மூன்று முட்கள் குத்துகின்றன. நம்மைவிட வயதில் இளையவர் நமக்கு மேலதிகாரியாவார். பழைய நண்பர்கள் நாம் வேலை பார்க்கும் கடைக்கே வருவார்கள். இருபதாண்டு அனுபவத்துக்கு யாதொரு மதிப்பும் இராது. இவை வலிப்பவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வலியைத் தாங்கியவர்கள் நம் அண்டை வீட்டிலேயே இருந்தார்கள். 1947-க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளில் வக்கீல்களும் ஆசிரியர்களும் அலுவலக எழுத்தர்களும் இருந்தனர். யாதவ்பூர்ப் பக்கத்தில் கைவிடப்பட்ட இராணுவக் குடியிருப்பில் விஜய்கட் காலனியை அவர்கள் நிறுவினர். கரியாஹாட் நடைபாதையில் துணிமணி பரப்பி விற்றோரில் அகதிகள் பலர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றிய அக்கடைகளை 1996 நவம்பரில் நகர நிர்வாகம் அகற்றியபோதும், அவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து கடை விரித்தனர். புடவை பேரம் பேசுவதற்காக நாம் நின்ற அந்த நடைபாதை, கற்றவன் கைத்தொழிலுக்கு இறங்கினால் மதிப்பிழப்பான் என்னும் எண்ணத்தைப் பலமுறை பொய்யாக்கிய இடமாகும்.

இவ்விடத்தில் சர் சி. வி. இராமனின் பெயரைச் சொல்லி ஆறுதல் கூறுவோர் உண்டு. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த அவர், 1917-இல் அப்பதவியைத் துறந்து, மிகக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். உண்மைதான். ஆனால் அவர் தாமே விரும்பி இறங்கினார், வேலையிழந்தவரோ இறக்கிவிடப்பட்டார். இரண்டையும் ஒன்றாக்கி உபதேசம் செய்வது புண்ணில் உப்பு இடுவதாகும். சம்பளத் தாளில் இருக்கும் எண் ஒருவருடைய தகுதியின் அளவுகோல் அன்று என்பதை மட்டும் அந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எத்தகைய வேலை கிடைக்கும்? கணக்கு அறிந்தவர்களுக்கு இக்காலத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், குறித்த தேதிகளில் வரிக் கணக்கு அனுப்புவது வணிகர் பலருக்குக் கட்டாயமாயிற்று. நான்கு கடைகளுக்குப் பகுதி நேரம் கணக்கெழுதினால் ஒரு சிறு சம்பளம் தேறும். தனிப்பயிற்சி, மொழிபெயர்ப்பு, பள்ளி அலுவலகம், மருந்துக்கடைக் கல்லா, அடுக்குமாடிக் குடியிருப்பின் மேற்பார்வை ஆகிய எதுவும் தள்ளத்தக்கதன்று. பழைய சம்பளத்துக்கு ஈடான வேலை வரும் வரையில் காத்திருப்போம் என்பவர்க்கு மாதங்கள் கழிகின்றன. இடைவெளி நீளநீள வேலை தருபவரின் ஐயமும் நீளுகிறது. சிறு வேலையில் இருந்துகொண்டே பெரிய வேலையைத் தேடலாம். காலையில் எழுந்து குளித்து, ஓரிடத்துக்கு நேரத்தில் போய்ச் சேரும் பழக்கம் கெடாமல் இருப்பதே ஒரு செல்வம். வேலை தருபவர், ‘பெரிய இடத்தில் இருந்தவராயிற்றே, நிலைப்பீர்களா?’ என்று கேட்பார். நிலைமையை மறைக்காமல் சொல்லி, ஓராண்டு நிச்சயம் இருப்பேன் என்று வாக்களித்து, அவ்வாக்கைக் காப்பதே தகுந்த மறுமொழி.

இனி, வெளியேறும்போது கைக்கு வரும் தொகையைப் பற்றிச் சில சொற்கள். 1953-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருவதோடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை ஈடாகவும் தரவேண்டும் என்று விதித்தது. அலுவலக எழுத்தரும் அதில் அடங்குவர். 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு இடம்பெற்றது. பணிக்கொடை என்பது இதனின்றும் வேறானது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது. வருங்கால வைப்பு நிதியும் தனி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றும் அதில் அடங்கியது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ராஜிநாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னால், தொழிற்சங்கத்தாரையோ வழக்கறிஞரையோ கேளாமல் கையெழுத்திடலாகாது. தாமே விலகியவருக்கு ஆட்குறைப்பு ஈடு கிடையாது. உயர்ந்த நிர்வாகப் பதவியில் இருந்தவர்களுக்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை. நியமன ஒப்பந்தமே அவர்களுக்குத் துணை.

தொகை கைக்கு வந்த நாள் முதல் அதற்கு விருந்தினர் பலர் தோன்றுவர். ‘மாத வட்டி இவ்வளவு’ என்று சொல்லிக்கொண்டு வருவோரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது, ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களின் சேமிப்பும் அதோடு போயிற்று. 1970-களின் பிற்பாதியில் கல்கத்தாவில் சஞ்சயிதா என்னும் நிறுவனம் ஆண்டுக்கு நூற்றுக்கு 48 வட்டி வரையில் கொடுத்துப் பணம் திரட்டியது. 1980 டிசம்பரில் போலீஸ் சோதனையோடு அது சரிந்தது. 2013 ஏப்ரலில் சாரதா நிறுவனங்கள் சரிந்தபோது, வங்காளத்தின் ஏழை எளியவர்கள் கண்ணீர் விட்டனர். நூறாண்டில் மூன்று முறை நிகழ்ந்த பாடம் இது. வருவாய் நின்றுபோன வீட்டிலுள்ள பணத்துக்கு வட்டி குறைந்தாலும் குற்றமில்லை. முதல் நிலைத்திருக்க வேண்டும். அஞ்சலகமும் வங்கியும் அதற்குப் போதும்.

செலவைக் குறைப்பதிலும் ஒரு முறை உண்டு. பெரும்பாலும் நாம் பாலையும் பழத்தையும் குறைக்கிறோம். வாடகையையும் ஆடம்பரத்தையும் விட்டுவிடுகிறோம். வெளியார் கண்ணுக்குத் தெரியாதது முதலில் வெட்டுப்படுகிறது. தெரிவது கடைசி வரையில் நிற்கிறது. இதை மாற்றிப் போட வேண்டும். பழைய வாடகையில் பழைய வீட்டில் இருப்பவர்கள் அதை விடலாகாது. புதிய அடுக்குமாடியில் பெரிய வாடகை கொடுப்பவர்கள், ரயில் பாதையின் தெற்கே டாக்குரியா, யாதவ்பூர், கரியா என்று சற்று நகர்ந்தால் குற்றமில்லை. மாதச் சீட்டு வாங்கினால் லோக்கல் ரயில் பாலிகஞ்ச் நிலையத்தில் நம்மைக் கொண்டுவந்து விடும். அலுவலகம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். ஆகையால் வேறெதை நிறுத்தினாலும் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு காப்பீடு எடுப்பதை ஒத்திப்போடலாகாது. குழந்தையின் பள்ளியை ஆண்டு நடுவில் மாற்றாமல், தலைமையாசிரியரிடம் நிலைமையைச் சொல்லிக் கட்டணத்துக்குத் தவணை கேட்கலாம். கொலுவில் ஒன்பது படிக்கு மூன்று படி வைத்தாலும் நவராத்திரி நவராத்திரியே. ஊருக்குப் போகும்போது சாதாரணப் படுக்கை வகுப்பில் சென்றாலும் அதே சென்னை மெயில்தான்.

‘ஊருக்கே திரும்பிவிட்டால் என்ன?’ என்னும் எண்ணமும் எழும். ஊரில் வீடும், பேசி முடித்த வேலையும், பிள்ளைகளின் படிப்புக்கு வழியும் இருந்தால் திரும்புவது நன்று. இங்கே முகம் காட்ட வெட்கம் என்பதற்காக மட்டும் திரும்பினால், அந்த வெட்கமும் அதே ரயிலில் உடன் வரும். இருபதாண்டில் நம்மை அறிந்த மளிகைக்கடைக்காரர், மருத்துவர், அண்டை வீட்டு வங்காளிக் குடும்பம் ஆகிய துணைகளை எல்லாம் இங்கே விட்டுவிட்டு, அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

கடைசியாக, வேலை போகாத நம் எல்லோருக்கும் உரியது ஒன்று. உத்தியோகம் இழந்தவரைப் பாலிகஞ்சில் மட்டுமன்றி, மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் தமிழ்ச் சமூகம் எவ்வாறு நடத்துகிறது? சங்கத்துக்கும் சபாவுக்கும் வருவதை அவர் முதலில் நிறுத்துவார். சந்தா பாக்கி என்று அவருக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக, வருவாய் குறைந்தோருக்குச் சந்தாவைச் சத்தமின்றித் தள்ளிவைக்கும் வழக்கத்தைச் செயற்குழுக்கள் கைக்கொள்ளலாம். அவரைச் சந்திக்கும்போது ‘ஏதாவது கிடைத்ததா?’ என்று வாரந்தோறும் கேட்பது அக்கறை போலத் தோன்றும். கேட்கப்படுபவருக்கு அது வாரந்தோறும் ஒரு பரீட்சை. கேள்வியைவிட ஒரு முகவரி மேல். ‘இன்ன கடைக்காரருக்குக் கணக்கெழுத ஆள் தேவையாம், சொல்லி வைத்திருக்கிறேன்’ என்னும் ஒரு வாக்கியம் மேல். இன்னும் ஒன்று. ‘சும்மாதானே இருக்கிறார்’ என்று கோயில் கணக்கு, விழா வசூல், பிள்ளைகளின் பயிற்சி யாவற்றையும் அவர் தலையில் இலவசமாக ஏற்றுகிறோம். அவருடைய நேரத்துக்கு விலையில்லை என்று அதன் மூலம் நாமே தீர்ப்பளித்துவிடுகிறோம். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். அது சிறு தொகையானாலும் உறையிலிட்டு உரிய தேதியில் கொடுக்க வேண்டும்.

சம்பளம் பாதியான வீட்டிலும் காலையில் காப்பி கலக்கலாம், குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரலாம், மாலையில் ஏரிக்கரையில் நடக்கலாம். அவ்வீட்டார் ஒருவரிடம் ஒருவர் மறைக்க எதுவும் இல்லாதிருந்தால், அந்த வாழ்வில் குறை காண்பதற்கில்லை. இதைக் கேட்கும் நேயர்களுள் எவரேனும் அப்படியொரு செய்தியை இன்னும் வீட்டாருக்குச் சொல்லாமல் வைத்திருந்தால், இன்று இரவு உணவுக்குப் பின் சொல்லிவிடுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.